தறிச் சத்தத்தில் பார்த்த படம்

நகரியில் கரண்ட் இருந்தால் தறி ஓடும். தறி ஓடுகிறபோது டிவி முன்னால் போய் உட்கார்ந்தால், நூல் அறுந்ததை யார் பார்ப்பது? கரண்ட் போனால் தறி நிற்கும். வீட்டில் எல்லோரும் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பார்கள். அப்போது டிவியும் கையைக் கட்டிக்கொண்டுதான் இருக்கும். முனிகிருஷ்ணன் வீட்டில் ஒருவர்கூட ‘மறுகரை மங்கை’யைப் பார்க்காமல் போனதற்கு இதைவிடப் பெரிய காரணம் கிடையாது. பொங்கலுக்குப் போட்டார்கள், தீபாவளிக்குப் போட்டார்கள். ஒவ்வொரு தடவையும், “அடுத்த தபா பார்த்துக்கலாம்” என்றார் முனிகிருஷ்ணன். பிறகு டிவியில் போடுவதே நின்றுவிட்டது. பிலிம் கெட்டுப்போயிற்று என்று பேசிக்கொண்டார்கள்.

அதற்காக அந்த வீட்டில் யாருக்கும் படம் தெரியாது என்று சொல்லிவிட முடியாது. அதன் கதை வசனம் முதலில் கேசட்டாக இருந்தது, பிறகு மெமரி கார்டுக்கு வந்தது. தறிக் கொட்டகை உத்தரத்தில் கட்டியிருந்த ஸ்பீக்கரில் அது ஓடாத வாரம் இல்லை. சின்னவள் தேவயானிக்கு மழலை போவதற்கு முன்பே அந்த வசனம் வந்துவிட்டது. கதாநாயகி மங்கை ஓடக்காரன் மகள். புருஷன் வேறொருத்தியோடு கடல் கடந்து போய்விடுகிறான். பல வருஷம் கழித்து ஆற்றங்கரையில் வந்து நின்று கூப்பிடுகிறான்: “மங்கை, நான் வந்துட்டேன். என்னை ஏத்துக்குவியா?” அதற்கு மேல் பேச்சு இல்லை. துடுப்புச் சத்தம் கேட்கும், பாட்டு வரும், முடிந்துவிடும்.

“ஏத்திக்கினு போயிட்டா பாரு, அவதான் பொம்பள!” என்பார் முனிகிருஷ்ணன். மகள்களுக்கு அவர் நைனா; நைனா சொன்னதற்குக் கொட்டகையில் மறுபேச்சு இல்லை.

இப்போது அந்தப் படம்தான் தேவயானியின் கழுத்தைப் பிடித்துக்கொண்டிருந்தது.

போன மாதம் திருப்பதியிலிருந்து அவளைப் பெண் பார்க்க வந்தார்கள். மாப்பிள்ளை தருணுக்குத் திருச்சானூரில் ஒரு லாட்ஜில் வேலை. அவனுடைய அம்மா இந்திராணி சித்தூரில் பிறந்து வளர்ந்தவள். அவள் பஜ்ஜியை ஒரு கடி கடித்துத் தட்டில் வைத்துவிட்டு, “‘மறுகரை மங்கை’ பார்த்திருக்கியாம்மா?” என்று கேட்டாள். தேவயானி வாயைத் திறப்பதற்குள் அக்கா சிவசங்கரி அவள் இடுப்பில் ஒரு கிள்ளு கிள்ளினாள்.

“பார்த்திருக்கேன் அத்தே.”

சொன்னதோடு விட்டாளா? பயத்தில் வசனத்தையும் எடுத்துவிட்டாள். “ஆத்துக்கு ரெண்டு கரை. எனக்கு நீங்க நின்ன கரைதான் கரை.” ஏற்ற இறக்கம் எதுவும் பிசகவில்லை. இந்திராணிக்குக் கண் கலங்கிவிட்டது. தேவயானியின் கையைப் பிடித்துக்கொண்டு, “கடைசில அவ பண்ணது சரியா, தப்பா?” என்று கேட்டாள்.

“சரிதான் அத்தே.”

அந்தக் கையை இந்திராணி விடவே இல்லை. கிளம்பும்போது, “இந்தப் பொண்ணுதான் எங்க வீட்டுக்கு” என்று சொல்லிவிட்டுப் போனாள்.

அன்று ராத்திரியே தரகர் போனில் முனிகிருஷ்ணனிடம் சிரித்துக்கொண்டே ஒரு சமாச்சாரம் சொன்னார். இதற்கு முன்னால் தருணுக்குச் சந்திரகிரியில் ஒரு பெண்ணைப் பேசி முடித்திருந்தார்களாம். பெண் கண்ணாடி போடுவாள் என்பதை அந்த வீட்டில் மறைத்திருக்கிறார்கள். வேறு யார் வழியாகவோ தெரிந்ததும் இந்திராணி தாம்பூலத்தைத் திருப்பி அனுப்பிவிட்டாளாம். “கண்ணாடி போட்டா இன்னா, போட்டுக்கினு போவுது. மறைச்சாங்க பாரு, அதான்” என்றாளாம்.

அன்றிலிருந்து தேவயானிக்குச் சோறு இறங்கவில்லை. தருண் தினமும் போன் பண்ணினான். யாத்திரிகர்கள் செய்கிற கூத்தையெல்லாம் சொல்லிச் சிரிக்க வைத்தான். ஹீட்டரில் சாம்பார் சூடு பண்ணி பியூஸை எரித்த குடும்பத்தைப் பற்றி அவன் சொன்னபோது அவள் தறிக் கொட்டகைக்கு வெளியே நின்று வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். போனை வைத்ததும் திருப்பி அனுப்பிய தாம்பூலம் நினைவுக்கு வரும். இவன் கிடைக்காமல் போய்விட்டால்?

அவனிடமாவது சொல்லிவிடலாம் என்று இரண்டு தடவை வாயெடுத்தாள். அவனோ, “எங்கம்மா ஒன்னப் பத்தியேதான் பேசிக்கினு கீது” என்று ஆரம்பித்துவிடுவான்.

நிச்சயத்துக்கு முந்தின வாரம் இந்திராணியே போன் செய்தாள். பழைய பிலிமைக் கழுவிச் சரிபண்ணி, ‘மறுகரை மங்கை’யைத் திருப்பதி தியேட்டரில் மறுபடியும் போட்டிருக்கிறார்கள். ஞாயிற்றுக்கிழமை மேட்னிக்கு டிக்கெட் எடுத்தாயிற்று. “நீயும் உங்கக்காவும் வந்துடுங்க. தருண் வரமாட்டான், ஞாயித்துக்கெழமன்னா லாட்ஜுல லீவு குடுக்க மாட்டாங்க. நாம பொம்பளைங்களா பார்ப்போம். நீயும் நானும் பக்கத்துல உக்காந்து வசனம் சொல்லிக்கினே பார்க்கணும்.”

தேவயானி போனிலேயே தேடினாள். பாட்டுகள் இருந்தன, படம் இல்லை. எழுதியவர்கள் எல்லோரும் ‘காலத்தால் அழியாத முடிவு’ என்று எழுதியிருந்தார்கள். அது என்ன முடிவு என்று ஒருவரும் எழுதவில்லை. தெருவில் விசாரித்தாள். மளிகைக் கடைக்காரர், “பார்க்காம இருப்பேனா? ஆத்துல வுழுந்து செத்துருவா. நான் அழுதுட்டேன்” என்றார். எதிர்வீட்டு கமலம்மா டீச்சர், “சாவறது புருசன்டீ. முதலை இழுத்துக்கினு போயிடும்” என்றாள். தையல்காரர், “அது கலர் படமாச்சே” என்றார். தெருவில் எல்லோருமே பார்த்திருந்தார்கள். ஒருவர் பார்த்ததை இன்னொருவர் பார்க்கவில்லை. துடுப்புச் சத்தம் தனக்கு நன்றாகத் தெரியும், அது பொய் சொல்லாது என்று தேவயானி சமாதானம் சொல்லிக்கொண்டாள்.

ஞாயிற்றுக்கிழமை புத்தூர் தாண்டியதும் பஸ்ஸில் சிவசங்கரியிடம் சொன்னாள்.

“அக்கா, நான் சொல்லிடறேன்.”

“இன்னாத்த சொல்லுவ?”

“பார்க்கலன்னு.”

“பைத்தியமா நீ? வாய மூடிக்கினு பாரு. அவங்க சிரிச்சா சிரி, அழுதா அழு. ரெண்டர மணி நேரம். அதுக்கப்புறம் நீயும் பார்த்தவதான? பொய் தானா நெஜமாயிடும்.”

கேட்க நன்றாகத்தான் இருந்தது. ஆனாலும் ரேணிகுண்டா வரும்வரை தேவயானி முந்தானை நுனியைச் சுருட்டிச் சுருட்டிப் பிரித்துக்கொண்டிருந்தாள்.

தியேட்டர் வாசலில் இந்திராணி பட்டுப் புடவையில் நின்றிருந்தாள், கல்யாணத்துக்கு வந்தவள் மாதிரி. கூடையில் முறுக்கு. கேட்காரன் கூடையைப் பார்த்து, “பயட புட் அலவ் லேதம்மா” என்று தெலுங்கில் தடுத்தான். “இது புட் இல்ல நைனா, முறுக்கு” என்று சொல்லிக்கொண்டே அவன் கையில் இரண்டை வைத்துவிட்டு உள்ளே நடந்தாள்.

படம் தொடங்கியது. முதல் அடியே தேவயானிக்குத் தலையில் விழுந்தது. இருபது வருஷமாக அவள் மனதில் மங்கை உயரமாக, முழங்கால் வரை கூந்தலோடு இருந்தாள். திரையில் வந்தவள் குள்ளம். முன்பல் இரண்டுக்கு நடுவில் சந்து. அந்தக் குரல் இந்த வாயிலிருந்தா வருகிறது? புருஷன் வந்தபோது அவனை வில்லன் என்று நினைத்துவிட்டாள். எல்லோரும் சிரித்த இடத்தில் அவளுக்குச் சிரிப்பு வரவில்லை. அங்கே பேச்சே இல்லை; ஒரு கோழி ஓடத்தில் ஏறி உட்கார்ந்துகொண்டது, அவ்வளவுதான். கொட்டகையில் அது சும்மா தறிச் சத்தமாக இருந்த இடம்.

“கோழி வருது பாரு” என்று இந்திராணி முன்கூட்டியே அவள் தொடையில் தட்டினாள். தேவயானி ஒரு நிமிஷம் பிந்திச் சிரித்தாள். இந்திராணி திரும்பிப் பார்த்த மாதிரி இருந்தது. ‘இருட்டில் என்ன தெரியும்’ என்று தேவயானி நினைத்துக்கொண்டாள். ஆனால் வசனம் வருகிற இடமெல்லாம் அவள் உதடு தானாக முந்திக்கொண்டது. அப்போதெல்லாம் இந்திராணி அவள் கையைப் பிடித்துக்கொண்டாள்.

இடைவேளையில் மூவரும் முறுக்குத் தின்றார்கள். இந்திராணி பையிலிருந்து தண்ணீர் பாட்டிலை எடுத்து, குடிக்காமல் மடியில் வைத்துக்கொண்டாள்.

“தருணோட அப்பா சந்திரகிரியில அவரு தம்பி வீட்ல கீறாருன்னு தரகர் சொல்லியிருப்பாரே.”

“ஆமா அத்தே. ஒடம்பு சரியில்லன்னு...” என்றாள் சிவசங்கரி.

“ஒடம்பு கல்லு மாதிரி கீது. தருண் ஒண்ணாவது படிக்கறப்ப எங்கள வுட்டுட்டு ஹூப்ளிக்குப் போயி, அங்க ஒரு குடும்பம் வச்சிக்கினாரு. நாலு வருசத்துக்கு முன்னால திரும்பி வந்தாரு. அவ தொரத்திட்டாளாம். பெட்டியோட வாசல்ல வந்து நின்னுக்கினு, இந்திராணி, என்னச் சேத்துக்கோன்னாரு.” அவள் தேவயானி பக்கம் திரும்பினாள். “நான் இன்னா பண்ணேன்னு இவளுக்குச் சொல்லத் தேவல. படம் பார்த்தவளாச்சே.”

தேவயானி தலையை ஆட்டினாள்.

“எங்கம்மாலேருந்து பக்கத்து வீடு வரைக்கும் எல்லாரும் தப்புன்னாங்க. நிச்சயத்துலயாவது அவரப் பக்கத்துல நிக்க வையின்னு இப்பவும் தெனம் நாலு போன் வருது. சரின்னு சொன்னது நீ ஒருத்திதாம்மா.”

மணி அடித்தது. விளக்கு அணைந்தது.

இருட்டில் உட்கார்ந்து தேவயானி கணக்குப் போட்டாள். மங்கை புருஷனை ஓடத்தில் ஏற்றிக்கொண்டு போனாள். அப்படியானால் இந்திராணியும் சேர்த்துக்கொண்டிருக்க வேண்டும். ஆனால் அவர் இருப்பது சந்திரகிரியில். எங்கேயோ இழை மாறியிருந்தது. துடுப்புச் சத்தம் கேட்டது சரி, அவன் ஏறினான் என்று சொன்னது நைனாதானே? எழுந்து ஓடிவிடலாமா என்று தோன்றியது. அவளுக்கு இந்தப் பக்கம் அக்கா, அந்தப் பக்கம் இந்திராணி. படம் பாட்டுக்கு ஓடியது.

ஆற்றங்கரை வந்தது. மழை தூறியது. “மங்கை, நான் வந்துட்டேன். என்னை ஏத்துக்குவியா?”

மங்கை ஓடத்தில் நின்றபடி அவனைப் பார்த்தாள். அந்தப் பல்சந்துக்காரியின் முகத்தில் கோபம் இல்லை, அழுகை இல்லை. வெகுநேரம் பார்த்தாள். பிறகு உட்கார்ந்து துடுப்பை எடுத்தாள். அதே துடுப்புச் சத்தம், தேவயானி ஆயிரம் தடவை கேட்டது. ஓடம் கரையை விட்டு நகர்ந்தது. அவன் கரையில் நின்றான். முழங்கால் தண்ணீரில் இறங்கி நின்றான். ஓடம் சின்னதாகிக்கொண்டே போனது. அவள் திரும்பிப் பார்க்கவில்லை.

தியேட்டரில் கை தட்டினார்கள். இந்திராணி கண்ணைத் துடைத்துக்கொண்டு, “வா, போலாம்” என்றாள்.

வெளியே சாயங்கால வெயிலில் கண் கூசியது. ஆட்டோக்காரர்கள், “திருச்சானூரு, திருச்சானூரு” என்று கூவிக்கொண்டிருந்தார்கள். சிவசங்கரி, “நல்ல படம் அத்தே, எத்தினி தபா பார்த்தாலும்...” என்று ஆரம்பித்தாள்.

“அத்தே” என்றாள் தேவயானி. “நான் இப்பத்தான் மொதல் தபா பார்த்தேன்.”

சிவசங்கரியின் கை தங்கையின் இடுப்புக்கு வந்தது. தேவயானி தள்ளி நின்றுகொண்டாள். தறி, ஸ்பீக்கர், துடுப்புச் சத்தம், நைனா சொன்னது எல்லாவற்றையும் மூச்சு விடாமல் சொன்னாள். “மங்கை அவன ஏத்திக்கினு போயிட்டான்னு நெனச்சித்தான் நான் சரின்னேன். நீங்க கேட்டது வேற. எனக்குத் தெரியாது அத்தே.”

இந்திராணியின் முகம் அப்படியே இறுகிவிட்டது. கூடையை இந்தக் கையிலிருந்து அந்தக் கைக்கு மாற்றினாள்.

“அப்ப ஒருத்தருமே சொல்லல.”

“அத்தே?”

“சரின்னு ஒருத்தருமே சொல்லல எனக்கு.” அவள் ரோட்டைப் பார்த்துப் பேசினாள். “வாய் கூசாம பார்த்திருக்கேன்னு சொன்னியே. நான் ஒரு மாசமா ஒன்ன நெனச்சிக்கினு... மறைக்கறவங்கள எனக்குப் புடிக்காதும்மா.”

தேவயானிக்குத் தருணின் சிரிப்பு எங்கோ தூரத்தில் போய்க்கொண்டிருந்தது.

சிவசங்கரிதான் முன்னால் வந்தாள். “அவ மறைச்சது தப்புதான் அத்தே, நான்தான் கிள்ளுனேன். நீங்க மட்டும் மறைக்கலியா? கல்லு மாதிரி இருக்கிறவர ஒடம்பு சரியில்லன்னு எங்க நைனா கிட்ட சொன்னாங்களே.”

“அது தரகன் சொன்னது! நான் எங்க மறைச்சேன்? இப்பத்தான் உள்ள சொன்னனே.”

“அவளும் இப்பத்தான சொல்றா.”

ஒரு ஆட்டோ வந்து நின்று, பார்த்துவிட்டுப் போய்விட்டது. இந்திராணி தேவயானியைப் பார்த்தாள்.

“இப்பத்தான் பார்த்துட்ட இல்ல. சொல்லு. அவ பண்ணது சரியா?”

சரி என்று சொன்னால் எல்லாம் முடிந்துவிடும். அது தேவயானிக்குத் தெரிந்தது. நாக்கு நுனி வரை வந்தும்விட்டது.

“தெரியல அத்தே. அந்த மொகத்தப் பார்த்தப்புறம் அவ அவன ஏத்தியிருக்க மாட்டான்னு மட்டும் புரியுது. ஆனா அவ தனியா அத்தினி தூரம் போறதப் பார்த்து எனக்கு பயமா இருந்துச்சு.”

“எனக்கும்தான்” என்றாள் இந்திராணி. “கதவச் சாத்திட்டு உள்ள வந்து உக்காந்தப்ப கை கால் ஒதறுச்சு. அத எவளும் கேக்கல.”

திருச்சானூர் ஷேர் ஆட்டோ ஒன்று வந்தது. இந்திராணி ஏறி ஓரத்தில் உட்கார்ந்தாள். தேவயானி ஏறுவதா வேண்டாமா என்று தெரியாமல் நின்றாள்.

“ஏறு. தருணப் பார்த்துட்டுப் போங்க. வெள்ளிக்கெழம நிச்சயத்துக்கு நாங்க நகரிக்கு வர்றோம், அதுல மாத்தம் இல்ல. ஆனா எனக்குக் கோவம் கீது. அது போவ நாளாவும், சொல்லிட்டேன்.”

“இருக்கட்டும் அத்தே” என்று சொல்லிவிட்டு தேவயானி அவள் பக்கத்தில் இடித்துக்கொண்டு உட்கார்ந்தாள்.