கூச்சத்துக்குக் கொடுத்த எட்டு மாதம்

குடல் பரிசோதனை அறைக்குப் புதுக் கருவி வந்த நாளிலிருந்து குழாய்க்காரனுக்குக் கால் தரையில் பாவவில்லை. உள்ளே விட்டுப் பார்க்கும் கேமராக் குழாய்களைக் கழுவிக் கிருமி நீக்கி வைப்பது அவன் வேலை. அதனால் ஆஸ்பத்திரியில் எல்லோருக்கும் அவன் குழாய்க்காரன்.

"பழசு நேரா மட்டும்தான் பாக்கும். இதுல முன்னாடி ஒரு கேமரா, ரெண்டு பக்கமும் ஒவ்வொண்ணு. மூணு டிவியில படம் ஓடும். குடல் மடிப்புக்குப் பின்னால ஒளிஞ்சிருக்கிற கட்டிகூட லேசுல தப்பாது" என்று வருவோர் போவோரிடமெல்லாம் அளந்துகொண்டிருந்தான்.

ஒரு மதியம் அவனுடைய அக்கா வந்தாள். தையல் வேலை பார்த்துத் தம்பியைப் படிக்க வைத்தவள். வராந்தா ஓரமாக அவனை இழுத்துக் குரலைத் தாழ்த்தினாள்.

"ரெண்டு மாசமா வெளிய போறப்ப ரத்தம் வருதுடா. யார்கிட்டயும் சொல்ல வாய் வரல. டாக்டர்கிட்ட நீ ஒரு வார்த்தை…"

அவனுக்கு உடம்பெல்லாம் கூசியது. கூட வேலை பார்ப்பவர்கள் தன் அக்காவை அந்தக் கட்டிலில் ஒருக்களித்துப் படுக்க வைப்பதா? பிறகு கேண்டீனில் அவர்கள் முகத்தில் எப்படி விழிப்பது?

"மூலமா இருக்கும்க்கா. காரத்தைக் குறை, தண்ணி நெறயக் குடி."

அக்கா நம்பிப் போனாள். ஆஸ்பத்திரித் தம்பி சொன்னால் சரியாகத்தானே இருக்கும்!

எட்டு மாதம் கழித்துத் தையல் மிஷின் மேலேயே மயங்கி விழுந்தவளைப் பக்கத்து வீட்டுக்காரர்கள் தூக்கி வந்தார்கள். பரிசோதனையின்போது குழாய்க்காரனும் அறையில் நின்றான். நடுத் திரையில் ஒன்றுமில்லை. இடப்பக்கத் திரையில்தான், மடிப்புக்குப் பின்னாலிருந்து, புண்ணாகிப்போன கட்டி எட்டிப் பார்த்தது.

"எப்பலேர்ந்து ரத்தம் போகுதாம்?" என்றார் டாக்டர்.

"பத்து மாசமா, சார். என்கிட்டதான் சொன்னாங்க. நான்தான் மூலம்னு சொல்லி அனுப்பிட்டேன்."

டாக்டர் திட்டவில்லை. "அப்பவே வந்திருந்தா, இந்தக் குழாயாலயே எடுத்திருக்க வாய்ப்பு இருந்துச்சு" என்று மட்டும் சொன்னார். நர்ஸ் மெதுவாக, "எங்ககிட்ட என்னண்ணே கூச்சம்? தினமும் பாக்குற வேலைதானே?" என்றாள்.

புற்றுநோய்தான். குடலில் ஒரு பகுதியை வெட்டி எடுத்தார்கள். அக்கா பிழைத்தாள்; ஆனால் இன்னும் ஆறு மாதம் மருந்து ஏற்ற வேண்டும்.

கண் விழித்தவளின் காலடியில் அவன் உட்கார்ந்திருந்தான். "என் கௌரவத்துக்காக உன்னைப் பலி குடுக்கப் பாத்தேன்க்கா."

"நான் மட்டும் என்ன? நானும்தான் ரெண்டு மாசம் வாயை மூடிக்கிட்டு இருந்தேன்" என்றாள் அக்கா. "கூடப் பொறந்தவங்களும் பரிசோதனை பண்ணிக்கணும்னு டாக்டர் சொன்னாரே, நீ எப்ப?"

"நாளைக்கே பேர் குடுத்துடறேன்க்கா."

"குடு. நாலு பேர் காதுல விழற மாதிரி சொல்லிக் குடு. உடம்புக்கு நோய் வர்றது வெக்கமில்லடா. வந்தது தெரிஞ்சும் மூடி மறைக்கிறோம் பாரு, அதுதான் வெக்கம்."