ரெண்டு கத்தரி, ஒரே பாறை

என் அண்ணன் துரைப்பாண்டியும் நானும் பேசி ரெண்டு வருசமாச்சு. தப்பு அவன்மேலதான், அதை முதல்லயே சொல்லிப்புடுதேன். அப்பாவோட செம்மறி ஆடு பாகம் பிரிச்சப்போ, "கருத்தப்பாண்டிக்கு ரோமம் வெட்டக் கத்தரி பிடிக்கவே தெரியாது, அவனுக்கு எதுக்கு இத்தனை ஆடு?"ன்னு ஊர் நடுவுல சொன்னான். அவனா வந்து பேசுத வரைக்கும் நான் வாயைத் திறக்கதில்லன்னு என் பொண்டாட்டி இசக்கித்தாய் முன்னால சத்தியம் பண்ணிட்டேன்.

சங்கரன்கோவில்ல இருந்து ரோமம் வாங்குத வண்டி ரெண்டு நாள்ல வருதுன்னு சேதி வந்துச்சு. எங்க கம்மாக்கரையில மண்ணு ஒட்டாம ரோமம் வெட்ட ஒரே ஒரு பாறைதான். முந்தின நாளே குளிப்பாட்டிக் காயவெச்ச ஆடுகளோட அவன் அந்த ஓரம், நான் இந்த ஓரம் உக்காந்தோம்.

காலைக் கட்டி ஆட்டைச் சாய்க்கணும். இடது கையால தோலை இழுத்துப் பிடிச்சு, கத்தரியைப் படுக்கப்போட்டு, வயித்துல ஆரம்பிச்சு முதுகுக்குப் போகணும். தோலு சுருங்குச்சோ, ரத்தம்தான். நல்ல கையின்னா ரோமம் துண்டு துண்டா விழாது, போர்வை கணக்கா மொத்தமா வரும்.

நான் ஒண்ணு முடிச்சா அவன் ஓரக்கண்ணால பாத்தான். அவன் முடிச்சா நான் பாக்கலன்னு சொன்னா பொய். பொறவு கேக்கணுமா, போட்டிதான். கைக்கு எட்டின ஆட்டை இழுத்தோம், வெட்டினோம், தள்ளினோம். பொழுது சாயுததுக்கு முன்னால நாப்பது ஆடும் மொட்டை.

கஞ்சி கொண்டுவந்த இசக்கித்தாய்தான் கேட்டா: "இதுல நம்ம ஆடு எது?"

அப்பத்தான் குவியலைத் திரும்பிப் பாத்தேன். அப்பா காலத்துல அடையாளத்துக்குப் போட்ட காதுவெட்டு ரெண்டு பங்குக்கும் ஒண்ணுதான். என் ஆட்டு முதுகுல செவப்புச் சாயம், அவன் ஆட்டு முதுகுல நீலம், அதுதான் அடையாளம். அந்தச் சாயம் ரோமத்தோட குவியல்ல கிடக்கு. கோட்டிக்காரப்பயக ரெண்டு பேரும் செஞ்ச வேலையைப் பாத்தீங்களா?

என் ஆடு பிரிஞ்சு வரட்டும்னு நான் குரல் கொடுத்தேன். நாப்பதும் என்கிட்ட வந்துச்சு. அவன் குரல் கொடுத்தான், நாப்பதும் அங்கன போச்சு. அந்தக் குரலை ரெண்டு பேருக்கும் சொல்லிக் கொடுத்தது ஒரே அப்பா. அண்ணனுக்குக் கஞ்சி கொண்டுவந்த மதினி கோமதித்தாய் வயித்தைப் பிடிச்சுக்கிட்டுச் சிரிக்கா.

எனக்கு ஆத்திரம். சரி, நான் வெட்டினது என் ஆடுன்னு ஒண்ணொண்ணா இழுத்தேன். அவனும் அதையே செஞ்சான். கத்தரித் தடமே இல்லாம வழுவழுன்னு ஒரு பெட்டை நின்னுச்சு. நான் முன்னங்காலைப் பிடிச்சேன், அவன் பின்னங்காலைப் பிடிச்சான். ஆடு கத்துது. அவன் மதினி பக்கம் திரும்பி, "பாத்தியாட்டி, இது என் கைவேலை"ன்னான்.

பொறுக்கவே முடியல.

"அது நான் வெட்டினது அண்ணே"ன்னுட்டேன். சொன்ன பொறவுதான் சத்தியம் ஞாபகம் வந்துச்சு.

அண்ணன் பிடியை விட்டான். ஆட்டோட முதுகைத் தடவினான், வயித்தைத் தடவினான், தொடையிடுக்குல விரலை விட்டுப் பாத்தான்.

"இங்கனகூட ஒரு கீறல் இல்லயேலே. உன் கைதான்."

ரெண்டு வருசமா இந்தப் பேச்சுக்குத்தான் ஏங்கிக் கிடந்திருக்கேன்.

அடுத்த ரோம வெட்டு வரைக்கும் எல்லாம் ஒண்ணாவே மேயட்டும்னு முடிவாச்சு. அதைச் சொன்னது அவன்தான். நான் சரின்னு மட்டும்தான் சொன்னேன்.