ஒன்பது இருபதுக்கு அஸ்தமனம்

1

ஒரு பத்திரிகைக்காரர் கேட்டதால் வந்த வினை இது. வெளிநாடு போகிறவர்களுக்கு வழிகாட்டிப் புத்தகம் எவ்வளவு தூரம் பயன்படும், இரண்டு பக்கத்துக்கு ஒரு கட்டுரை கொடுங்கள் என்றார். நானும் தலையாட்டிவிட்டேன். கட்டுரை இதுவரை வந்தது இவ்வளவுதான்:

"கையில் ஒரு நல்ல வழிகாட்டிப் புத்தகம் இருந்தால், கடல் தாண்டிப் போகிறவன் யாரையும் எதையும் கேட்க வேண்டிய"

அதற்கு மேல் பேனா நகரவில்லை. நேமிநாத நைனார் வந்து எதிரே உட்கார்ந்துகொண்டார். அவர் காலமாகிப் பல வருஷம் ஆகிறது. ஆனாலும் உட்கார்ந்தால் லேசில் எழுந்திருக்கிற ஆள் இல்லை. கட்டுரை கதையாகிவிட்டது.

2

நைனாருக்கு ஊர் செஞ்சி. முதலில் கோட்டையை வைத்துத் தொடங்கிப் பார்த்தேன். செஞ்சியைப் பற்றி எழுத வந்தவன் எவன் கோட்டையை விட்டான்? மூன்று பத்தி ஏறியதும் மூச்சு வாங்கியது, அடித்துவிட்டேன். கோட்டையில் எனக்கு வேண்டியது ஒன்றே ஒன்று. ராஜகிரி மலை ஊருக்கு மேற்கே நிற்கிறது. சாயங்காலம் வெயில் அதன் பின்னால் போய்விடும்.

நைனார் சமணர். பொழுது சாய்ந்தால் பச்சைத் தண்ணீர் பல்லில் படாது. சூரியன் மலைக்குப் பின்னால் போனாலும் நிஜமான அஸ்தமனத்துக்குக் கொஞ்சம் நேரம் இருக்கத்தான் செய்யும். அந்தச் சலுகையெல்லாம் அவர் வீட்டில் கிடையாது. மலை மறைத்தால் மறைத்ததுதான். அதற்குள் சாப்பிட்டு இலையை எடுத்துவிட வேண்டும்.*

* பஞ்சாங்கத்தைக் காட்டி ஒருவர் வாதாடிப் பார்த்தார். "பஞ்சாங்கமா சாப்டப் போவுது? நான்தானே?" என்றார் நைனார். அப்படிப்பட்டவர் பிற்பாடு ஓர் அச்சடித்த அட்டவணையை நம்பினார்.

3

1963 ஐப்பசியில் நைனாரின் மல்லாட்டை மண்டிக்கு, அதாவது வேர்க்கடலை மண்டிக்கு, லண்டனிலிருந்து ஒரு கடிதம் வந்தது. எழுதியது தம்பி விருஷபதாஸ்.

"அண்ணா, இங்கே வந்து எட்டு வருஷம் ஆகிறது. உடம்பு முன்போல இல்லை. ஆறு மணிக்கு வேலை விட்டு வந்தால் தமிழ் பேச ஆள் கிடையாது. ஒரு தடவை வந்துவிட்டுப் போ. இரண்டு பேரும் உட்கார்ந்து ஒரு வேளை சேர்ந்து சாப்பிட வேண்டும்."

தம்பி புறப்பட்ட அன்று நைனார் மண்டி வாசலில், நாலு பேர் பார்க்க, "அங்க போயி விளக்கு வெளிச்சத்துல துன்றவன் எனக்குத் தம்பி இல்ல" என்று சொல்லியிருந்தார். அன்றோடு பேச்சு நின்றது. எட்டு வருஷத்தில் இதுதான் முதல் கடிதம்.

நைனார் அதை எடுத்துக்கொண்டு பக்கத்து வீட்டுக்கு ஓடினார். அங்கே கோதண்டராமன் இருந்தான். உயர்நிலைப் பள்ளியில் இங்கிலீஷ் வாத்தியார்.

"கூப்ட்டுட்டான் வாத்தியாரே! போவணும். எப்படிப் போறது, இன்னா எடுத்துக்கினு போறது, ஒண்ணும் தெரியல."

கோதண்டராமன் சென்னைக்குப் போய் மூர் மார்க்கெட்டில் அட்டை கிழிந்த ஒரு லண்டன் வழிகாட்டிப் புத்தகத்தை வாங்கிவந்தான்.* தினம் காலையில், பள்ளிக்கூட மணி அடிப்பதற்குள், நைனாருக்கு இரண்டு பக்கம் தமிழில் சொன்னான். குடை ஏன் வேண்டும், பெட்டி தூக்குகிறவனுக்கு என்ன கொடுக்க வேண்டும், நகரும் படிக்கட்டில் எந்தப் பக்கம் நிற்க வேண்டும். நைனார் எல்லாவற்றையும் மனப்பாடம் செய்தார். நடுநடுவே, "ஒரு வேள, கூட உக்காந்து சாப்ட்டுட்டு வந்துட்டா போதும்" என்பார்.

* புத்தகம் யுத்தத்துக்கு முன்னால் அச்சானது. அதிலிருந்த தெருக்களில் சில குண்டு விழுந்து இல்லாமலே போயிருந்தன. அவை வழியாகவும் நைனாரை நடத்திக் கூட்டிப்போனான்.

4

மார்கழியில் பாஸ்போர்ட் வந்தது. பம்பாயிலிருந்து ஜனவரியில் ஒரு கப்பல், மே மாதத்தில் ஒரு கப்பல் என்று டிக்கெட் ஏஜெண்ட் எழுதியிருந்தார். புத்தகத்தின் கடைசியில் மாதவாரியாகச் சூரியன் மறையும் நேரம் போட்டிருந்தது. கோதண்டராமன்தான் அதைக் கண்டுபிடித்தான்.

"ஜனவரிக் கடசீல அங்க எப்ப பொழுது சாயும்?"

"நாலே முக்காலுக்கு, நைனாரே."

"அவன் வூட்டுக்கு வர்றதே ஆறு மணி. ஜூன்ல?"

"ஒன்பது இருபது!" என்றான், அந்தச் சூரியனைத் தானே பிடித்து வைத்திருப்பவன் மாதிரி.

நைனார் எழுந்தே விட்டார். "ஒம்போது இருபதா! அப்ப அவன் ஆறுக்கு வந்து, குளிச்சி, பேசிக்கினே சாப்ட்டாக்கூட வெளிச்சம் இருக்குமே. நான் அன்னிக்கி சொன்ன சொல்லும் அதோட போச்சி. மே கப்பலுக்கே போட்டுடுங்க."

மோர் கொண்டுவந்த மருதேவி, நைனாரின் மனைவி, அங்கேயே நின்றாள். "புஸ்தகத்த இத்தினி கேள்வி கேக்குறீங்களே, அந்தப் புள்ளைய ஒரு வார்த்த கேட்டு கடுதாசி போடக் கூடாதா? ஒடம்பு சரியில்லன்னு வேற எழுதிக்கிறான்."

"நீ எப்ப துன்றேன்னு கேக்கச் சொல்றியா? மறுபடி சண்டதான் வரும்" என்றார் நைனார்.

[வாசகர் இங்கே என்னைப் பிடிப்பார். தம்பிக்கு லீவு நாளாக ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் என்று ஒன்று இல்லையா? இருக்கிறது. மண்டிக்கு அமாவாசைதான் லீவு. நைனாருக்கு ஞாயிறு தோன்றாமல் போகலாம். வாரா வாரம் பள்ளிக்கூட லீவில் காலை நீட்டிப் படுத்த கோதண்டராமனுக்குமா தோன்றவில்லை? பாத்திரம் நம்பும்படி இல்லையே என்று அவனை எடுத்துவிட்டு எழுதிப் பார்த்தேன். கதை நிற்கவில்லை.

சரி, சொல்லிவிடுகிறேன். கோதண்டராமன் நான்தான். "அவன்" என்று எழுதினால் பாரம் குறையும் என்று நினைத்தேன். இங்கிலீஷ் புத்தகத்திலிருந்து எடுத்துச் சொல்லி, ஒரு பெரிய மனுஷர் அசந்து போவதைப் பார்க்கிற ருசி எனக்கு. ஞாயிற்றுக்கிழமை அந்த அட்டவணையில் இல்லை. அதனால் என் புத்தியிலும் இல்லை. அந்த அம்மாள் சொன்னதும் காதில் ஏறவில்லை.]

5

வேறு மாதிரியும் எழுதிப் பார்த்தேன்.

"ஜனவரிக் கப்பலிலேயே ஏறிவிட்டார் நைனார். லண்டனில் நல்ல பனி. தம்பி கழுத்தில் கம்பளியைச் சுற்றிக்கொண்டு துறைமுகத்தில் நின்றிருந்தான். ரொம்ப இளைத்திருந்தான். 'அண்ணா' என்றான். நைனார் அவனுடைய"

மூன்று தடவை எழுதினேன். மூன்று தடவையும் இதே இடத்தில் நின்றது. அவர்களைச் சாப்பிட உட்கார்த்தி வைக்க என்னால் முடியவில்லை. செய்த தப்பை நானே ரப்பர் போட்டு அழிப்பது மாதிரி வெட்கமாக இருந்தது.

6

மாசிக் கடைசியில் தந்தி வந்தது. விருஷபதாஸ் போய்விட்டான். மே மாதக் கப்பல் டிக்கெட் அப்போது நைனாரின் பெட்டியில் இருந்தது.

பங்குனியில் இங்கிலீஷில் ஒரு கடிதம் வந்தது. தம்பி குடியிருந்த வீட்டுக்கார அம்மாள் எழுதியிருந்தாள். சாயங்காலம் பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் நைனார் என்னைக் கூப்பிட்டு அனுப்பினார். கடிதத்தை என் கையில் கொடுத்துவிட்டு அவரே பேசினார்.

"ஜனவரில போயிருந்தாலும் கூட உக்காந்து சாப்ட்டிருக்க முடியாது, இல்ல வாத்தியாரே? அந்த ஊரு அப்படி. அவனும் இருட்டுல துன்னப் பழகிட்டிருப்பான், பாவம். நாம ஒண்ணும் தப்புப் பண்ணல. படிங்க."

நான் மனதுக்குள் ஒருமுறை படித்தேன். நடுவில் இது இருந்தது:

"குளிர்காலத்தில் அவர் மூன்றரை மணிக்கே தொழிற்சாலையில் சாப்பிட்டுவிடுவார். இருட்டிய பிறகு எங்கள் மேஜையில் வெறும் தட்டோடு உட்கார்ந்து பேசிக்கொண்டிருப்பார். எட்டு வருஷத்தில் ஒரு நாளும் தவறியதில்லை. அண்ணன் வந்தால் ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் சேர்ந்து சாப்பிடுவோம் என்று சொல்லிக்கொண்டே இருந்தார்."

இதைப் படித்தால் தம்பி கடைசிவரை தம்பியாகவே இருந்தான் என்று நைனாருக்குத் தெரியும். ஜனவரியிலேயே போயிருக்கலாம் என்பதும் தெரியும். படிக்காமல் தாண்டினால் இரண்டுமே தெரியாது. இரண்டு முடிவையும் எழுதினேன். முதலாவதில் நான் நல்லவனாகத் தெரிந்தேன், இரண்டாவதில் இரக்கமுள்ளவனாக. இரண்டையும் கிழித்துப் போட்டேன். அன்றைக்கு நான் என்ன செய்தேன் என்பதை உங்களிடம் சொல்லப் போவதில்லை.

உள்ளே மருதேவி இலை போட்டுவிட்டாள். "எழுந்து வாங்க, வெயிலு மலைமேல ஏறிடுச்சி" என்கிறாள். கடிதத்தைக் கேட்காமல் அவர் எழுந்திருக்க மாட்டார். வெயில் மறைந்துவிட்டால் இன்றைக்குச் சாப்பாடும் கிடையாது.

இந்தாருங்கள் கடிதம். எழுத்து தெளிவாகத்தான் இருக்கிறது. அவர் உங்கள் வாயைத்தான் பார்த்துக்கொண்டிருக்கிறார். படியுங்கள்.