செப்டம்பர் குலை

செசிலியின் அடுக்களையில் தேங்காய் முதன்முதலாகப் பேசியது பிப்ரவரி மாதத்தில் ஒரு செவ்வாய்க்கிழமை, காலை ஒன்பதே கால் மணிக்கு. அன்று புதுக்கடைச் சந்தையில் தேங்காய் கிலோ அறுபத்தெட்டு ரூபாய்; சாளை மீன் நூறு ரூபாய்க்கு இருபத்தைந்து. நார் உரித்து, கண்ணுக்கு மேல் மட்டும் கொஞ்சம் குடுமி விட்டிருந்த காயை அவள் இடது உள்ளங்கையில் வைத்து, வெட்டுகத்தியின் முதுகால் இரண்டு தட்டுத் தட்டித் திருப்பி, மூன்றாவது தட்டில் விரிசல் கண்டதும் கிண்ணத்தின் மேல் பிடித்தாள். தண்ணீர் விழுந்துகொண்டிருந்த நேரமெல்லாம் அவள் கணவன் சிலுவைதாசனின் குரல், ஐஸ் ஏற்றியாகிவிட்டதா, டீசல் எத்தனை பேரல் என்று யாரிடமோ விசாரித்தது. தண்ணீர் நின்றதும் குரலும் நின்றது. சிலுவைதாசன் அப்போது ஆழ்கடலில் இருந்தான். போய் இருபத்து மூன்று நாள் ஆகியிருந்தது. செசிலி கிண்ணத்தை முகர்ந்து பார்த்தாள், கெட்ட வாடை இல்லை. ஒரு மடக்குக் குடித்தாள், இனித்தது. காயில் குறை ஒன்றும் இல்லை என்று தீர்மானித்து, திருவலையில் உட்கார்ந்து திருவி, மீன் குழம்புக்கு அரைத்தாள். குழம்பும் நன்றாகவே இருந்தது.

அந்த வாரத்தில் இன்னும் மூன்று காய்கள் பேசின. ஒன்றில் மகள் ஜெனிலா யாருக்கோ பஸ் நேரம் சொன்னாள். இன்னொன்றில் செசிலியே பேசினாள். தன் குரல் இத்தனை கீச்சென்று இருக்கும் என்று ஐம்பத்திரண்டு வருடமாக யாரும் அவளிடம் சொல்லவில்லை. நான்கும் வீட்டுக்குப் பின்னால் கிணற்றடியில் நிற்கும் ஒரே தென்னையின் காய்கள். பேச்சில் வந்த விசேஷங்களையும் மழையையும் கூட்டிக் கழித்துப் பார்த்ததில் எல்லாம் போன வருடத்துப் பிப்ரவரியில் பேசியவை என்று தெரிந்தது. தென்னை ஏறுகிற கிருஷ்ணமணி உரம் வைக்கும் விவரம் சொல்வதுபோல இதற்கு ஒரு விளக்கம் சொன்னான். மாதம் ஒரு குலை விடும்; குரும்பையாக இருக்கும்போது ஓடு இளசு, கீழே பேசுவதெல்லாம் உள்ளே போகும்; ஓடு முற்றினால் பிறகு ஒன்றும் ஏறாது; பன்னிரண்டு மாதம் கழித்து காய் உடைகிறபோது வெளியே வரும். முன்னெல்லாம் ஏன் வரவில்லை என்று கேட்டதற்கு, முன்னெல்லாம் அங்கே நின்று யார் பேசினார்கள் என்று திருப்பிக் கேட்டான். அதுவும் சரிதான். போன வருடம் பிப்ரவரியில் புது டவர் வந்தபிறகு இரண்டு வீட்டுக்குள்ளும் போனில் ரேஞ்ச் போய்விட்டது. அந்தத் தென்னையின் அடிமூட்டில் மட்டும் நாலு கோடும் நிற்கும். இரண்டு வீட்டுப் பேச்சும் அங்கேதான் நடந்தது.

இரண்டாவது வீடு செசிலியின் தங்கை இசபெலுடையது. கிணறும் தென்னையும் இருவருக்கும் பொது. கிருஷ்ணமணி குலையை வெட்டிச் சரிபாதி பிரித்து இரண்டு புறவாசலிலும் போடுவான். இசபெலின் புருஷன் ஆன்ட்ரூஸ் மஸ்கட்டில் வேலை பார்க்கிறான், பிள்ளை இல்லை. ஜெனிலா பிறந்த நாளிலிருந்து பாதிச் சாப்பாடு சித்தி வீட்டில்தான். தேங்காய் பேசத் தொடங்கிய அந்தப் பிப்ரவரியில் அக்காவும் தங்கையும் பேச்சை நிறுத்தி ஐந்து மாதம் ஆகியிருந்தது.

சண்டை நடந்தது செப்டம்பர் எட்டாம் தேதி, மாதா பிறந்த நாளன்று, அதே தென்னை மூட்டில். நர்சிங் முடித்த ஜெனிலாவுக்கு மஸ்கட்டில் வேலை பேசி, விசாவும் வந்தபிறகுதான் இசபெல் அதை அக்காவிடம் சொன்னாள். செசிலிக்குத் தலைகால் புரியாத கோபம். பிள்ளை பெறாத தன்னைப் பார்த்து அக்கா ஒரு வார்த்தை சொன்னாள், அதைச் செத்தாலும் மறக்கமாட்டேன் என்று இசபெல் தெருவெல்லாம் சொன்னாள். தான் அப்படி ஒரு வார்த்தை சொல்லவே இல்லை, பெற்றவளிடம் ஒரு வாக்கு கேட்டிருக்கலாமே என்று மட்டுமே கேட்டதாக, செசிலி மாதா கெபியின் முன் மெழுகுவர்த்தி பிடித்துச் சத்தியம் செய்தாள். இருவருமே பொய் சொல்லுகிறவர்கள் இல்லை. தெருவுக்கு அதுதான் பெரிய சங்கடம். ஜெனிலா இரண்டு பேரிடமும் தனித்தனியாக அழுதுவிட்டு விமானம் ஏறினாள்.

ஆகவே தேங்காய் பேசுகிறது என்ற செய்தி தெருவுக்குப் போனதும், எல்லோரும் முதலில் செய்தது விரல்விட்டு மாதம் எண்ணியதுதான். இன்னும் ஏழு குலை. செப்டம்பர்க் குலை இறங்கினால் தெரிந்துவிடும். பங்குத்தந்தையிடம் கேட்டார்கள், தேங்காய் விஷயத்தில் திருச்சபைக்கு எந்த நிலைப்பாடும் இல்லை என்று சொல்லிவிட்டு அவர் ஜெபத்துக்குப் போனார். செசிலிக்குப் பயமே இல்லை. வரட்டும், கேட்கட்டும், தங்கை வாயடைத்து நிற்பதைத் தெருவே பார்க்கட்டும் என்றிருந்தாள். காலையில் மீன் வாங்குகிற அவசரத்திலும், உடைக்கிற காயைக் காதோடு பிடித்துக்கொண்டே உடைத்தாள். அடுத்தது யார் பேசுவார், என்ன பேசுவார் என்கிற ஆவலில் ஒரு நாளைக்கு ஒரு காய் போதாமல் இரண்டானது; துவரன் பொரியலிலும் சம்மந்தித் துவையலிலும் தேங்காய் கூடிப்போய், கரையேறி வந்த சிலுவைதாசன் வயிறு மந்தம் என்று மோர் குடித்தான்.

மார்ச்சுக் குலையில் சகோதரிகள் இருவரும் சிரித்தார்கள். ஒரே காயில், தண்ணீர் வற்றும்வரை சிரிப்பு. எதற்கென்று செசிலிக்கு எத்தனை யோசித்தும் நினைவு வரவில்லை. ஏப்ரல் குலையில்தான் முதல் இடறல் வந்தது. தன்னுடைய பெரிய வெண்கல உருளியை அக்கா வாங்கித் திருப்பவில்லை என்பது இசபெலின் பழைய குறை. திருப்பியாயிற்று என்பது செசிலியின் தீர்மானம். அதையும் சத்தியம் செய்கிற அளவுக்கு நினைவிருந்தது. காயிலிருந்து அவளுடைய சொந்தக் குரலே, உருளி எங்கள் மச்சில் பழைய வலைக்கு அடியில் கிடக்கிறது, பெருநாள் கழிந்து தருகிறேன் என்று இசபெலிடம் சொன்னது. செசிலி ஏணி போட்டு ஏறிப் பார்த்தாள். உருளி கிடந்தது. தேய்த்துக் கழுவி அடுக்களை மூலையில் கவிழ்த்தாள். கொண்டுபோய்க் கொடுக்க மானம் விடவில்லை. உருளியை மறந்தவள் வேறு எதையெல்லாம் மறந்திருப்பாள்?

மே மாதத்தில் அவள் கிருஷ்ணமணியைத் தனியாகக் கூப்பிட்டு, உச்சிக்கு வலப்புறம் நிற்கிற அந்தக் குலையைக் கருக்காகவே வெட்டிவிடு, வெயில் தாங்கவில்லை, இளநீர் குடிக்க வேண்டும் என்றாள். கருக்கு வெட்டினால் உள்ளே இருக்கும் பேச்சு வேகாத சோறுபோல, யார் தொண்டையிலோ இறங்கி ஒன்றுக்கும் ஆகாமல் போகும். அவன் எந்தக் குலை என்று தெரிந்தும் தெரியாதவன்போல மெஷினைக் காலில் மாட்டி ஏறினான். பாதி மரத்தில் அவன் இருக்கும்போது செசிலி கீழே நின்று இறங்கச் சொன்னாள். நல்ல மனசு வந்து அல்ல. கேட்காமல் சாக முடியாது என்று தோன்றியதுதான் காரணம். பயத்தைவிட ஆவல் ஒரு பிடி கூடுதலாக இருந்தது.

செப்டம்பர் இரண்டாவது வாரம் குலை இறங்கியது. பதினொரு காய். பத்தென்றால் பாதி பிரிக்கலாம். பதினொன்றை வைத்துக்கொண்டு கிருஷ்ணமணி இரண்டு புறவாசலையும் மாறி மாறிப் பார்த்தான். இந்தப் பாவம் எனக்கு வேண்டாம் என்று எல்லாவற்றையும் இரும்புப் பாரையில் உரித்து, துணி துவைக்கிற கல்லின் மேல் குவித்துவிட்டுப் போய்விட்டான். கொஞ்ச நேரத்தில் இசபெல் தன் வெட்டுகத்தியோடு வெளியே வந்தாள். ஒரு வருடத்துக்குப் பிறகு அவள் அக்காவின் முகத்தைப் பார்த்துக் கேட்ட முதல் கேள்வி இது:

"உனக்க அடுக்களையா, எனக்க அடுக்களையா?"

"இங்கோட்டு வா ஏட்டி," என்றாள் செசிலி.

ஆளுக்கொன்றாக உடைத்தார்கள். முதல் காயில் காக்கை மட்டும் கத்தியது. இரண்டாவதில் ஆன்ட்ரூஸ் மஸ்கட்டிலிருந்து ஊரில் மழையா என்று கேட்டான். மூன்றிலும் நான்கிலும் ஜெனிலா கொயரில் பாட வேண்டிய பாட்டைப் பழகினாள். ஐந்தாவதில் அன்றைய பாயசத்துக்குச் சர்க்கரை போதுமா என்று அக்காவும் தங்கையும் கொஞ்சலாகப் பேசிக்கொண்டார்கள். அதைக் கேட்டபோது இருவரும் தரையைப் பார்த்தார்கள். ஆறாவது அழுகல், வாடையைத் தவிர ஒன்றும் வரவில்லை. ஏழாவதில் விசா வந்த சேதியை இசபெல் சொன்னாள். எட்டாவது செசிலியின் கையில் இருந்தது. மூன்றாவது தட்டில் விரிசல் விட்டு, தண்ணீர் கிண்ணத்தில் விழ, கீச்சென்ற அந்தக் குரல் ஒரு எழுத்துத் தேயாமல் சொன்னது:

"ஒனக்க வயித்துல ஒண்ணு கெடந்திருந்தாலில்லா ஒனக்குத் தெரியும்."

தண்ணீர் நின்ற பிறகும் செசிலி காயைக் கவிழ்த்தே பிடித்திருந்தாள். அவளுக்கு அவமானமாக இருந்தது. கெபியில் செய்த பொய்ச் சத்தியம்கூட அப்போது பெரிதாகத் தெரியவில்லை. சொன்ன குரலில் ஒரு திருப்தி இருந்தது, சரியான இடம் பார்த்துக் குத்தியவளின் திருப்தி. அதுதான் அவளைச் சுட்டது. ஜெயித்தவள் முகத்தில் ஏதாவது தெரியும் என்று தங்கையைப் பார்த்தாள். இசபெலின் கண் நிறைந்திருந்தது. இரண்டாம் முறை கேட்பதும் முதல் முறையைப் போலத்தான் வலிக்கும் என்று அவளும் நினைத்திருக்கவில்லை.

"நான் கூட்டிச் சொன்னேனா அக்கா?"

"இல்ல. நான்தான் சொல்லியிருக்கேன்."

மீதி மூன்றையும் இசபெல் உடைத்தாள். மூன்றிலும் மழை. பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டு, பத்துக் காய் உடைந்து கிடக்கிறது, சாயங்காலத்துக்குள் ஊசிப்போகும், எண்ணெய் காய்ச்சுவதுதான் வழி என்றாள். மூலையில் கவிழ்ந்திருந்த தன் உருளியை அவள் பார்த்தாள். எப்போது கிடைத்தது என்று கேட்கவில்லை. ஒருத்தி திருவ, ஒருத்தி அரைத்துப் பிழிந்தாள். பாலை உருளியில் ஊற்றி அடுப்பேற்றினால் பிறகு கை எடுக்க முடியாது. அடி பிடிக்காமல், பால் திரண்டு கசடு சிவந்து எண்ணெய் பிரிகிறவரை கிண்டியாக வேண்டும். தனி ஆள் செய்கிற வேலை அல்ல. மாறி மாறிக் கிண்டினார்கள். அந்த நான்கு மணி நேரத்தில் செசிலி ஆறேழு தடவை வாயைத் திறந்தாள். மன்னிப்பு என்ற சொல்லைப் பூசையில் அவள் ஆயிரம் தடவை சொல்லியிருப்பாள். தங்கையிடம் ஒரு தடவை சொல்ல வரவில்லை. தீயைக் குறை, கரண்டியைத் தா என்றுதான் வந்தது. எண்ணெயை இரண்டு குப்பியில் ஊற்றினார்கள். ஒன்றை ஜெனிலாவின் தலைக்கு அனுப்ப இசபெல் எடுத்துக்கொண்டு, உருளியை இடுப்பில் வைத்து வீட்டுக்குப் போனாள்.

வெயில் தாழ்ந்ததும் செசிலி தென்னை மூட்டுக்குப் போனாள். உச்சியில் அந்த மாதத்துப் பாளை வெடித்து, குரும்பை பாக்கு அளவுக்குப் பிடித்திருந்தது. அண்ணாந்து நின்று, அடுக்களையில் வராததை எல்லாம் சொன்னாள். கிண்டியபடி நின்ற தங்கையிடம் சொல்ல முடியாதது, முப்பதடி உயரத்தில் நின்ற குரும்பையிடம் சொல்ல வந்தது. ஒரு தடவை சொன்னால் போதாது என்பது தென்னை வைத்திருக்கிற எல்லோருக்கும் தெரியும். முப்பது பிடித்தால் பத்து நிற்கும். மிச்சம் வாடியும் எலி கடித்தும் உதிரும். எது நிற்கும் என்று தெரியாததால், எல்லாவற்றிலும் ஏறட்டும் என்று அந்த மாதம் முழுவதும் தினமும் போய்ச் சொன்னாள். இசபெல் தன் அடுக்களை ஜன்னல் வழியே அக்காவின் வாய் அசைவதைப் பார்த்தாள். வெளியே வந்திருந்தால் அங்கேயே கேட்டிருக்கலாம். அவள் ஜன்னலைச் சாத்திவிட்டு மிக்ஸியைப் போட்டாள்.

இப்போது இரண்டு வீட்டிலும் போக்குவரத்து உண்டு. மீன் விலையும் ஜெனிலாவின் டூட்டி நேரமும் பேசிக்கொள்கிறார்கள். எட்டாவது காயைப் பற்றிப் பேசுவதில்லை. அதற்குப் பின் இறங்கிய குலைகள் எல்லாம் அவர்கள் பேசாதிருந்த வருடத்தின் காய்கள். உடைத்தால் காற்றும் காக்கையும் சிலுவைதாசனின் இருமலும்தான் வருகிறது. சம்மந்தி அரைக்க அது போதும். அக்கா அண்ணாந்து பேசிய அந்தக் குலையைக் காட்டி இசபெல் கிருஷ்ணமணியிடம், "இந்தக் குலைய பாதி பண்ணாண்டாம் மக்கா, மொத்தமும் எனக்க," என்று சொல்லி வைத்தாள். செசிலி புறவாசலில் நின்று அதைக் கேட்டு, சரி என்று தலையாட்டினாள். காய் வருகிற செப்டம்பரில்தான் விளையும். மீன் கழுவிய தண்ணீரை இசபெல் தினமும் தென்னை மூட்டில் ஊற்றி, அண்ணாந்து எண்ணிப் பார்க்கிறாள். இதுவரை இருபத்திரண்டு உதிர்ந்துவிட்டன, ஒன்பது நிற்கின்றன. ஒன்பது போதும் என்று அவள் சொல்லியிருக்கிறாள்.