கொக்கி மாட்ட ஓர் இடம்

ஆஸ்பத்திரி வார்டு வாசலில் நின்றபடி, கம்பெனியின் பாதுகாப்பு அதிகாரியான சேஃப்டி சார் அந்தக் காகிதத்தை இன்னொரு முறை படித்தார். மேனேஜர் கொடுத்தனுப்பியது. "தொழிலாளிக்குப் பாதுகாப்பு பெல்ட் வழங்கப்பட்டது. அணிந்தும் இருந்தார். கொக்கியை எங்கும் மாட்டாத நிலையில் கூரையிலிருந்து விழுந்தார்." கீழே மனைவியின் கையெழுத்துக்கு இடம். ஒரு வார்த்தைகூடப் பொய் இல்லை.

கிடங்குக் கூரையில் தகடு மாற்றும் வேலை. கூரையின் நீளத்துக்கும் ஒரு கம்பிவடம் இழுத்துக் கட்டி, ஆட்கள் பெல்ட்டின் கொக்கியை அதில் மாட்டிக்கொண்டுதான் நடக்க வேண்டும். அதைக் கட்டாமல் கம்பெனி யாரையும் மேலே ஏற்றக் கூடாது என்பது சட்டம். அதைச் சொல்வதற்குத்தான் இவருக்குச் சம்பளம். இரண்டு முறை எழுதிக் கொடுத்தார். "அடுத்த வாரம் பார்ப்போம்" என்றார் மேனேஜர். அந்த அடுத்த வாரம் வரவேயில்லை. மழைதான் வரப் பார்த்தது. அதற்குள் முடித்தாக வேண்டுமாம்.

முந்தாநாள் காலை ஏணியில் கால் வைத்த கூரைக்காரர் கொக்கியை ஆட்டிக் காட்டினார். "சார், இதை எங்க மாட்டட்டும்? உங்க கழுத்துலயா?" கீழே நின்றவர்கள் சிரித்தார்கள். இவரும் சிரித்துவிட்டு, "பார்த்துப் போங்க" என்றார். மேலே ஏறுவதற்கான அனுமதிச் சீட்டில் கையெழுத்தும் போட்டார். கையை நீட்டித் தடுத்திருக்கலாம். பதினோரு மணிக்கு மக்கிப்போன தகடு ஒன்று கூரைக்காரரின் காலடியில் உடைந்தது.

சேஃப்டி சார் வார்டுக்குள் போனதும், கட்டில் ஓரம் இருந்த கூரைக்காரரின் மனைவி எழுந்து ஸ்டூலை இவர் பக்கம் தள்ளினாள். கூரைக்காரர் மருந்து மயக்கத்தில் கிடந்தார். முதுகெலும்பு என்றார்கள், அதற்கு மேல் டாக்டர் எதையும் உறுதியாகச் சொல்லவில்லை. அவள் காகிதத்தை வாங்கி, வரிக்கு அடியில் விரல் வைத்து மெல்லப் படித்தாள்.

"ஏன் சார் மாட்டல? இவரு பயந்த ஆளு. வீட்ல பல்பு மாத்தறதுன்னாக்கூட என்னை நாற்காலியைப் பிடிச்சுக்கச் சொல்வாரு."

"மாட்டறதுக்கு அங்க எதுவும் இல்லம்மா."

அவள் காகிதத்தை இவரிடமே திருப்பி நீட்டினாள். "அப்ப அதையும் சேர்த்து எழுதுங்க. கையெழுத்துப் போடறேன்."

வெளியே வந்து மேனேஜரைக் கூப்பிட்டார். மறுமுனையில் குரல் உயரவேயில்லை.

"தாராளமா எழுதுங்க. அனுமதிச் சீட்டுல யார் கையெழுத்துன்னு இன்ஸ்பெக்டர் கேப்பாரு. அதையும் நீங்களே எழுதிடுங்க."

"நான் ரெண்டு லெட்டர் கொடுத்தேனே சார்."

"எந்த லெட்டர்?"

நகல் எடுத்து வைத்துக்கொள்ள வேண்டும் என்று அன்றைக்குத் தோன்றவில்லை. திரும்பி வந்தபோது அவள் பேனாவைத் திறந்து நீட்டினாள். வாங்கி, காகிதத்தைத் தொடைமேல் வைத்து, "மாட்டுவதற்கு" என்று எழுதினார். அதோடு கை நின்றுவிட்டது.

"சேஃப்டி சாரா?" கூரைக்காரர் கண்ணைத் திறக்காமலே கேட்டார். "கால் ரொம்பக் கனக்குது சார். ஷூவைக் கழட்டி விடுங்களேன். ரெண்டு நாளா யாருமே கழட்டல."

போர்வைக்கு வெளியே நீட்டிக்கொண்டிருந்தவை வெறுங்கால்கள். மனைவி வாயைப் பொத்திக்கொண்டாள். சேஃப்டி சார் எழுந்து கட்டிலின் கால்மாட்டுக்குப் போனார். குனிந்து, இல்லாத முடிச்சை வலது பாதத்தின்மேல் நிதானமாக அவிழ்த்தார். குதிகாலைத் தாங்கிப் பிடித்தார். சில்லிட்டிருந்தது.

"ஆச்சா சார்?"

"ஆச்சுப்பா."

"இன்னொண்ணு?"

அவர் இடது காலுக்கு நகர்ந்தார்.