அப்பாவுக்கு எழுதிய அடக்கப் பிரசங்கம்

என் அப்பா உயிரோடு, நல்ல ஆரோக்கியத்தோடு, பேருந்துப் பணிமனையில் ஏதோ ஒரு வண்டிக்கு அடியில் படுத்துக்கொண்டிருந்த நேரத்தில், நான் அவருடைய அடக்க ஆராதனைக்குப் பிரசங்கம் செய்து வகுப்பில் முதல் மதிப்பெண் வாங்கினேன்.

வேதாகமக் கல்லூரியில் அது எனக்கு இரண்டாம் வருடம். பிரசங்க வகுப்பில் சீட்டுக் குலுக்கிப் போடுவார்கள். ஒருவனுக்குத் திருமணம், ஒருவனுக்கு ஞானஸ்நானம் என்று வரும். எனக்கு அடக்க ஆராதனை வந்தது. இறந்தவர் யார் என்பதை நாமே முடிவு செய்துகொள்ளலாம். புத்தியுள்ளவர்கள் கற்பனையாக ஒரு தொண்ணூறு வயதுப் பெரியவரைச் சாகடித்துவிட்டுச் சுலபமாகத் தப்பித்தார்கள். நான் அப்பாவைத் தேர்ந்தெடுத்தேன்.

ஏன் என்று கேட்டால், அவரைப் பற்றிப் பேச எனக்கு வேறு இடம் கிடைக்கவில்லை. அப்பா என்னோடு பேசி இரண்டு வருடம் ஆகியிருந்தது. மேலதிகாரிகளின் கையைக் காலைப் பிடித்து அதே பணிமனையில் எனக்கு ஒரு வேலை வாங்கித் தந்திருந்தார். எட்டே மாதத்தில் அதை உதறிவிட்டு, போதகராகி ஊழியம் செய்ய ஆண்டவரிடமிருந்து அழைப்பு வந்துவிட்டது என்று போய் நின்றேன். அப்பாவும் ஞாயிற்றுக்கிழமை தவறாமல் ஆலயத்துக்குப் போகிறவர்தான். ஆனாலும், "ஆண்டவருக்கு ஆள் பஞ்சமா? என் வீட்ல கை வெக்கணுமா?" என்று கேட்டார். அதோடு சரி. அதன் பிறகு நான் வீட்டுக்குப் போனாலும், உப்பு வேண்டும் என்றால்கூட அம்மா வழியாகத்தான் கேட்பார்.

எங்கள் பிரசங்க ஆசிரியருக்கு மாணவர்கள் வைத்த பெயர் நிறுத்தற்குறி. எங்கே நிறுத்துவது, எங்கே குரலை இறக்குவது, எங்கே சபையைப் பார்ப்பது என்று எல்லாவற்றையும் கையெழுத்துப் படியின் ஓரத்தில் சிவப்பு மையில் குறித்துக் காட்ட வேண்டும். குறிக்காவிட்டால் ஐந்து மதிப்பெண் போச்சு. நானும் குறித்தேன். பன்னிரண்டு பக்கம். அப்பாவின் நகக்கண்ணில் எத்தனை சோப்பு போட்டாலும் போகாத கறுப்பைப் பற்றி எழுதினேன். நான் சின்னவனாக இருந்தபோது, காய்ச்சலில் கிடந்த என்னைத் தோளில் போட்டுக்கொண்டு அவர் ஆஸ்பத்திரிக்கு நடந்ததை எழுதினேன். வகுப்பில் மூன்று பேர் கண்ணைத் துடைத்தார்கள். நிறுத்தற்குறியே ஒரு நிமிடம் நிறுத்திவிட்டுத்தான் பேசினார். எனக்குத் தலைகால் புரியவில்லை.

அந்தக் கல்லூரியில் ஒரு பழக்கம் உண்டு. பருவத்தின் சிறந்த பிரசங்கத்தை ஒரு வாழ்த்துக் கடிதத்தோடு மாணவனின் வீட்டுக்கு அனுப்பி வைப்பார்கள். பெற்றோர் சந்தோஷப்படட்டும் என்று. அலுவலக எழுத்தர் நல்ல மனிதர். உள்ளே என்ன இருக்கிறது என்று பார்க்கவில்லை. உறையில் என் அப்பாவின் பெயரை எழுதி, அதற்குள் அவருடைய அடக்கப் பிரசங்கத்தை வைத்து, தபாலில் சேர்த்துவிட்டார். எனக்கு விஷயம் தெரிந்தபோது ஐந்து நாள் ஆகியிருந்தது. வீட்டுக்குப் போன் செய்தேன். அம்மா சாதாரணமாகத்தான் பேசினார். தபால் ஏதாவது வந்ததா என்று சுற்றி வளைத்துக் கேட்டேன். கரண்டு பில் வந்தது என்றார்.

அடுத்த செவ்வாய்க்கிழமை, கிரேக்க வகுப்பின் நடுவே காவலாளி வந்து என்னைத் தேடி ஆள் வந்திருப்பதாகச் சொன்னார். பார்வையாளர் அறையில், பைபிளில் வரும் பவுல் ஊழியத்துக்காகப் பயணம் செய்த ஊர்களைக் குறித்திருக்கும் பெரிய வரைபடத்துக்கு முன்னால், வேலைச் சட்டையோடு அப்பா நின்றிருந்தார். திரும்பிப் பார்க்காமலேயே பேசினார்.

"இத்தனை ஊருக்கு எதுல போனாராம்?"

"கப்பல்லப்பா. மீதியெல்லாம் நடைதான்."

"அதான் நேரத்துக்குப் போய்ச் சேர்ந்திருக்கார்."

இரண்டு வருடம் கழித்து அப்பா என்னோடு பேசிய முதல் பேச்சு இது. சிரிப்பதா காலில் விழுவதா என்று தெரியாமல் நின்றேன். அவர் பெஞ்சில் உட்கார்ந்து, சட்டைக்குள் இருந்து அந்த உறையை எடுத்தார். மடிப்பில் கிரீஸ் ஒட்டியிருந்தது.

"தபால்காரர் வழியிலயே என் கையில குடுத்துட்டார். நல்லாத்தான் எழுதியிருக்க. அந்த ஆஸ்பத்திரி விஷயம் உனக்கு ஞாபகம் இருக்கும்னு நான் நினைக்கல."

"அப்பா, அது வகுப்புக்காக... அவங்க இப்படி அனுப்புவாங்கன்னு..."

"இரு. நான் செத்துட்டேன்னு எழுதினதுக்கு எனக்குக் கோவம் இல்ல. எல்லாரும் ஒருநாள் போறதுதான். இதைப் படி." ஏழாம் பக்கத்தைத் திருப்பி, ஓரத்தில் விரலை வைத்தார். "சத்தமா படி."

சிவப்பு மையில் என் கையெழுத்து. படித்தேன். "இங்கே குரல் உடைய வேண்டும். மூன்று விநாடி நிறுத்தவும்."

"அது தானா வராதாடா?"

அவர் கத்தியிருந்தால் தாங்கியிருப்பேன். கத்தவில்லை. நிஜமாகவே தெரிந்துகொள்ளக் கேட்கிறவர் மாதிரி கேட்டார். என் வாழ்க்கையில் அவ்வளவு வெட்கப்பட்டதில்லை.

"நான் செத்தா எனக்காக எம்புள்ள எப்ப அழணும்னு பக்கத்துல எழுதி வெச்சிருக்கான். அதுக்கு மார்க்கும் போட்டிருக்காங்க." காகிதங்களை மடித்து என் கையில் திணித்தார். "இதை நீயே வெச்சுக்க. ஒண்ணு மட்டும் எனக்காகச் செய். நிஜமா நான் போகும்போது நீ வாயைத் திறக்கக் கூடாது. யார் கூப்பிட்டாலும் சரி. பையனா வந்து உட்காரு. பாஸ்டரா வந்து நிக்காத."

"சரிப்பா."

"வாக்கு?"

"வாக்கு."

எழுந்து என் சட்டைக் காலரைச் சரிசெய்தார். சாப்பாடு எப்படி என்று கேட்டார். பரவாயில்லை என்றேன். நான் இளைத்துவிட்டதாகச் சொன்னார். வாசல் வரை போனவர் திரும்பி நின்றார்.

"உங்க அம்மாகிட்ட நான் வந்தேன்னு சொல்லாத. ரெண்டு வருஷமா பிடிச்ச வீராப்பு காத்துல போயிடும். நானே ஒரு நாள் சொல்லிக்கறேன்."

அன்று மாலையே பன்னிரண்டு பக்கங்களையும் சுக்குநூறாகக் கிழித்துக் குப்பையில் போட்டேன். அடுத்த விடுமுறைக்கு வீட்டுக்குப் போகும்போது அப்பா என்னிடம் நேராக உப்பைக் கேட்பார் என்று நாள் எண்ணிக்கொண்டிருந்தேன். சின்னப் பிள்ளை மாதிரி காலண்டரில் கோடு போட்டேன்.

விடுமுறைக்குப் பதினோரு நாள் இருந்தபோது அப்பா பணிமனையில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சாய்ந்தார். ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோவதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது.

அடக்க ஆராதனைக்கு ஆலயம் நிறைந்திருந்தது. பணிமனையில் இருந்து சீருடையோடு பாதிப் பேர் வந்திருந்தார்கள். போதகர் ஆலயத்துக்குப் புதியவர், அப்பாவை அவ்வளவாகத் தெரியாது. அன்னார் முப்பது ஆண்டுகள் ஓட்டுநராக உழைத்தார் என்றார். அப்பா மெக்கானிக். பக்கத்தில் அத்தை "டிரைவர் இல்லீங்க" என்று முணுமுணுத்தார். முன்னுரை நீளம், வசனம் பொருந்தவில்லை என்று என் மூளை ஒரு பக்கம் மார்க் போட்டுக்கொண்டிருந்தது. அந்த மூளையைக் கழற்றி எறிய முடிந்தால் எறிந்திருப்பேன்.

பிறகு போதகர் என்னைப் பார்த்தார். "மூத்த மகன் ஊழியத்துக்குப் படிக்கிறார். தகப்பனாரைப் பற்றி அவர் சில வார்த்தைகள் பேசுவார்."

நான் தலையை ஆட்டி மறுத்தேன். அம்மா என் முழங்கையைத் தள்ளினார். "போடா. ரெண்டு வார்த்தை பேசு." சித்தப்பா பின்னாலிருந்து தோளைத் தட்டினார். நான் எழுந்திருக்கவில்லை. கிழித்துப் போட்ட பன்னிரண்டு பக்கமும் ஒரு எழுத்து விடாமல் எனக்கு மனப்பாடம். பல்லைக் கடித்துக்கொண்டு பெஞ்சின் விளிம்பைப் பிடித்தபடி உட்கார்ந்திருந்தேன். அழுகையும் வரவில்லை. கொஞ்சம் காத்திருந்துவிட்டுப் போதகர் பாட்டு எண்ணைச் சொன்னார். படித்தவன் பேசாமல் உட்கார்ந்திருக்கிறானே என்று யாரோ சொன்னது காதில் விழுந்தது.

மூன்றாம் நாள் உறவுக்காரர்கள் எல்லாரும் போன பிறகு, அம்மா அப்பாவின் வேலைச் சட்டைகளை மடித்துக்கொண்டிருந்தார். நான் எதிரில் உட்கார்ந்து எடுத்துக் கொடுத்துக்கொண்டிருந்தேன்.

"ஊர்ல எவன் எவனுக்கோ பேசப் போற. உங்க அப்பாவுக்கு ரெண்டு வார்த்தை பேசினா வாய் தேஞ்சா போயிடும்?" என்றார். "செத்த பிறகும் அவர் மேல உன் கோவம் தீரலையாடா?"

அதற்கு மேல் என்னால் மறைக்க முடியவில்லை.

"அப்பாதாம்மா வேண்டாம்னார். என்கிட்ட வாக்கு வாங்கிட்டார்."

"எப்ப?"

"நாலு மாசம் முன்னாடி. காலேஜுக்கு வந்திருந்தார். ஒரு செவ்வாய்க்கிழமை."

"அவரா? உன் காலேஜுக்கா?"

"ஆமாம்மா. என் காலரைச் சரி பண்ணினார். நான் இளைச்சுட்டேன்னு சொன்னார். உங்ககிட்ட அவரே சொல்லிக்கறேன்னார்."

அம்மா கையில் இருந்த சட்டையை மடியில் வைத்துவிட்டு என் முகத்தையே பார்த்தார். அவர் நம்ப வேண்டும் என்று நான் மனசுக்குள் ஜெபித்தேன். பிரசங்கம் எதற்கும் நான் அப்படி ஜெபித்ததில்லை. வேறு சாட்சி இல்லை. அந்தக் காகிதங்கள்கூட இல்லை.

"உன் பேரை எடுத்தாலே எழுந்து போயிடுவார்டா கடைசி வரைக்கும்," என்றார் அம்மா. குரலில் கோபமே இல்லை. "நல்லாத்தான் சொல்ற. கேக்க ஆறுதலா இருக்கு. நாளைக்கு யார் வீட்லயாவது சாவு விழுந்தா அவங்களுக்கு இப்படிச் சொல்லு. என்கிட்ட வேண்டாம்."

சட்டையை எடுத்து மறுபடியும் மடிக்க ஆரம்பித்தார்.