சுவருக்குப் பின்னால் மூன்றாம் தடம்

இதில் ஒரு வார்த்தைகூடக் கட்டியது கிடையாது. கற்பூரத்தை ஏற்றி அணைத்துச் சத்தியம். அது போதாது என்பவர்களுக்கு பைபிள் மேல் கை வைத்தும் சத்தியம்.

பெருங்களத்தூருக்கும் பீர்க்கன்கரணை ஏரிக்கும் நடுவே இரண்டு பல்கலைக்கழகங்கள் தோளோடு தோள் இடித்துக்கொண்டு நிற்கின்றன. ஒன்று முனிரத்தினத்துடையது, மற்றது தயாளனுடையது. இருவரும் பங்காளிகள். நெல் விளைந்த நிலத்தில் பட்டம் விளையவைத்தவர்கள். இரண்டுக்கும் நீளமான பெயர்கள் உண்டு என்றாலும் ஷேர் ஆட்டோக்காரர்களுக்கு முனிரத்தினத்துடையது கிழக்கு, தயாளனுடையது மேற்கு.

பாகம் பிரித்தபோது அளவுச் சங்கிலி விளையாட்டு மைதானத்தின் குறுக்கே விழுந்தது. சுவர் எழும்பியது. ஓட்டத் தடத்தை மட்டும் வெட்ட இருவருக்கும் மனசு வரவில்லை. அதனால் தடம் சுவரைக் கடக்கும் இரண்டு இடங்களில் வாசல் வைத்தார்கள். கிழக்கில் கிளம்புகிறவர்கள் முதல் வாசலில் நுழைந்து, மேற்கில் பாதிச் சுற்று ஓடி, இரண்டாம் வாசல் வழியாகத் திரும்பி வரவேண்டும். அந்தப் பாதி யார் கண்ணுக்கும் தெரியாது. கூட்டம் மொத்தமும் கிழக்கில்தான் உட்காரும். மேற்குப் பக்கம் யாரும் உட்கார மாட்டார்கள். காரணம் புஷ்பம்.

புஷ்பம் பல வருடங்களுக்கு முன்பு மேற்கில் முதலாண்டு படித்த பெண். வருடக் கோப்பைப் போட்டி அன்று காலையில் மேற்கில் டி.சி. வாங்கினாள், மதியம் கிழக்கில் சேர்ந்தாள். புதுப் பனியன் வராததால் மேற்கின் பனியனைப் போட்டுக்கொண்டு கிழக்குக்காக ரிலே ஓடினாள். முதல் வாசலில் நுழைந்தாள். இரண்டாம் வாசலில் பேட்டன் மட்டும் உருண்டு வந்தது.

போலீஸ் நாய் வந்து பாதிச் சுற்று மோப்பம் பிடித்தது, அப்புறம் யாரையும் கேட்காமல் ஜீப்பில் ஏறி உட்கார்ந்துகொண்டது.

அன்றிலிருந்து அவள் ஓடிய மூன்றாம் தடத்தைக் காலியாக விடுவது வழக்கம். அதில் சுண்ணாம்புத் தூள் தூவி வைப்பார்கள். ரிலே முடிந்து போய்ப் பார்த்தால் தூளில் வெறுங்கால் தடம் இருக்கும். இரண்டாம் வாசலுக்கு ஒரு எட்டு முன்னால் நின்றுவிடும். ‘எங்கள் புஷ்பம்’ என்று இரண்டு பக்கமும் பேனர் கட்டுவார்கள். அந்தத் தடத்தில் யார் மாலை முதலில் விழுவது என்பதில் சட்டை கிழியும்.

இந்த வருடம் கிழக்கின் கடைசி ஓட்டக்காரி வினிதா. கோவளத்துப் பெண், இறுதியாண்டு. அணியில் இருப்பதால் ஹாஸ்டலும் சாப்பாடும் இலவசம். போட்டிக்கு முன்னால் முனிரத்தினம் மெஸ்ஸுக்கே வந்து எல்லோர் முன்னாலும் சொல்லிவிட்டார்.

"தோ பாருங்கம்மா, இந்த வாட்டி கப்பு போச்சுன்னா பொண்ணுங்க டீமே வாணாம். பொட்டியக் கட்டிகினு அவங்கவங்க வூட்டுக்குப் போய்க்கினே இருங்க."

வினிதாவின் வீட்டில் ஒரு மாப்பிள்ளை தயாராக இருந்தான். சொந்தப் படகு வைத்திருப்பவன். நல்ல படகுதான். ஆனால் அதில் ஏறினால் படிப்பும் ஓட்டமும் கரையிலேயே நின்றுவிடும்.

கபடி கிழக்குக்கு, வாலிபால் மேற்குக்கு, நீச்சல் கிழக்குக்கு, பால் பேட்மின்டன் மேற்குக்கு. செஸ்ஸில் இரண்டு பேரும் தூங்கிவிட்டதால் டிரா. எல்லாம் சமமாகி, பெண்கள் ரிலே ஒன்று மிச்சம் இருந்தது.

மொட்டை வெயில். கடைசிச் சுற்றில் மேற்கின் ஜோவிதா முன்னால் போய்விட்டாள். வினிதா பேட்டனை வாங்கிக்கொண்டு விரட்டினாள்.

"ஓடு மச்சி! அவ ஷூவைப் புடுங்குற மாதிரி ஓடு!" என்று கிழக்குப் பெண்கள் கத்தினார்கள். முதல் வாசலில் நுழைந்ததும் அந்தச் சத்தம் கதவைச் சாத்தியதுபோல் நின்றுபோனது.

சவுக்கு மரங்கள் அசையவில்லை. மீன் வைத்த ஐஸ் பெட்டியைத் திறந்தால் முகத்தில் அடிக்குமே, அந்தக் குளிர் அடித்தது. பக்கத்துத் தடத்தில் காலடி கேட்டது. வினிதா திரும்பவில்லை. ஓரக்கண்ணில், ஒவ்வொரு அடிக்கும் சுண்ணாம்பு புகைந்து எழுந்தது. மேலே கால் இல்லை.

"அக்கா."

குரல் சின்னப் பிள்ளைக் குரலாக இருந்தது. காணாமல்போன வயதிலேயே நின்றுவிட்ட குரல்.

"அக்கா, வெளிய எப்படிப் போறது?"

"நேராதான். தோ, வாசல் தெரியுதே."

"தெரியுது. ஆனா அங்க ரெண்டு சாரும் நின்னு, நீ யார் பொண்ணுன்னு கேக்கறாங்க. எனக்குத் தெரியலக்கா. தெரியாம எப்படிப் போறது?"

வினிதா வேகத்தைக் குறைக்காமல் கேட்டாள். "உனக்கு இங்க பயமா இல்லியா?"

"பயந்து முடிச்சிட்டேன்கா."

அதற்குமேல் அவளை விட்டுவிட்டு ஓட வினிதாவால் முடியவில்லை. பேட்டனின் மறுமுனையை மூன்றாம் தடத்துப் பக்கம் நீட்டினாள்.

"புடிச்சிக்கோ. எங்கூட ஓடியா."

பிடித்தது. பேட்டன் ஈர மணல் மூட்டைபோல் கனத்தது.

இரண்டாம் வாசலில் வினிதா தெரிந்ததும் கூட்டம் எழுந்து நின்றது. அவளோடு மூன்றாம் தடத்தில் சுண்ணாம்புப் புகையும் வந்தது. ஜோவிதா ஒருமுறை பக்கவாட்டில் பார்த்தாள். பார்த்தவள் தடத்திலேயே சம்மணம் போட்டு உட்கார்ந்துவிட்டாள். வினிதா கோட்டைத் தாண்டினாள்.

தயாளன் மேடையிலிருந்து குதித்தார்.

"ரிலேன்னா நாலு பேரு! இங்க அஞ்சாவதா ஒருத்தி ஓடியாந்துகீறா. அது அவங்க பொண்ணு. டிஸ்குவாலிஃபை பண்ணுங்க மேடம்!"

"எங்க பொண்ணா?" என்றார் முனிரத்தினம். "அது போட்டுகினு போன பனியன் யாருது? உன்னுது. உன் பொண்ணு எங்க பேட்டனைப் புடிச்சி இழுத்துகினு வந்திருக்குது. ஃபவுல் உனக்குதான்யா!"

"நாங்க டி.சி. குடுத்து அனுப்பிட்டோம்!"

"எங்க காலேஜுல ஒரு கிளாஸுல குந்தியிருக்காளா அவ?"

இத்தனை வருடமாக ‘எங்கள் புஷ்பம்’ என்று கட்டிப் புரண்டவர்கள், அவரவர் பேனரை அவரவரே ஆள் விட்டுக் கிழித்தார்கள்.

நாவலூரிலிருந்து வந்திருந்த நடுவர் சந்திரிகா மேடம் விசில் ஊதினார். "பக்கத்துல ஓடினவ நீதானம்மா. நீயே சொல்லு. யார் பொண்ணு?"

மேற்கு என்றால் கோப்பை கிழக்குக்கு. கிழக்கு என்றால் அணியே கிடையாது. முனிரத்தினம் மேற்குப் பக்கம் கண்ணைக் காட்டினார். வினிதாவின் கையில் பேட்டன் இன்னும் கனத்துக்கொண்டிருந்தது. மறுமுனையில் பிடி ஒவ்வொரு விரலாகத் தளர்வது அவளுக்குத் தெரிந்தது. இன்னும் ஒரு விரல்தான். அதுவும் போனால் அந்தப் பிள்ளை மறுபடி சுவருக்குப் பின்னால் போய்விடும்.

படகு ஒருமுறை கண்ணில் வந்து போனது.

"எங்க பொண்ணு மேடம்," என்றாள் வினிதா. "எங்க டீமு."

கோப்பை மேற்குக்குப் போனது.

"போச்சா! கெடுத்தியேம்மா! இன்னியோட டீமு க்ளோஸ்!" என்று முனிரத்தினம் துண்டை உதறினார். உதறிய துண்டு தோளுக்குத் திரும்பவில்லை. மேடைக்குப் போட்டிருந்த சிவப்புக் கம்பளத்தில் வெள்ளையாக ஒரு கால் பதிந்தது. அப்புறம் இன்னொன்று. படி ஏறின. அவர் நாற்காலிக்கு எதிரே ஜோடியாக நின்றன. அவர் கையிலிருந்த மோர் தம்ளரில் மேலாக ஐஸ் படிந்தது.

"இன்னா... இன்னாம்மா வோணும்?"

வினிதாதான் சொன்னாள். "ஹாஸ்டல்ல ஒரு கட்டில் கேக்குது சார். டீமு இருந்தாதான கட்டிலு?"

"குட்த்துடு! டீமைக் கலைக்கச் சொன்னவன் எவன்யா? நானா?"

அணி பிழைத்தது. படகுக்காரனுக்கு வேறு இடத்தில் பெண் அமைந்துவிட்டது. வினிதாவின் அறையில் அவள் கட்டிலுக்குப் பக்கத்தில் இன்னொரு கட்டில் போட்டிருக்கிறார்கள். யாரும் படுக்காத அந்த விரிப்பில் தினமும் சுண்ணாம்புத் தூள் இருக்கிறது. வார்டன் வினிதாவைத்தான் திட்டுகிறாள். வினிதா அந்தப் பக்கம் முகம் வைத்துப் படுப்பதில்லை. ஆனாலும் குரல் வரும்.

"அக்கா, நான் யார் பொண்ணு?"

"எங்க பொண்ணுடி. தூங்கு."

உடனே சொல்லிவிட வேண்டும். யோசித்தால் அறை குளிர ஆரம்பித்துவிடும்.

வினிதா ஓடிய இந்த வருடம், போட்டி அறிவித்திருந்த வாரம் முழுக்கக் கனமழை. செங்கல்பட்டு மாவட்டத்தில் பள்ளி, கல்லூரிகளுக்கு விடுமுறை விட்டுவிட்டதால் போட்டி நடக்கவே இல்லை. அதுவும் சத்தியம்.